அவருக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டேன்

என் வீட்டுக்காரர் இறந்து ஒரு மாதம் ஆகிறது. அவர் படுத்திருந்த நீர்மெத்தையைத் திருப்பிக் கொடுக்க இன்று நெய்யாற்றின்கரை பாலியேட்டிவுக்கு, தீராத நோயாளிகளின் வலியைத் தணிக்கும் மையத்துக்கு, போனேன்.

பெஞ்சில் என் பக்கத்தில் அம்பூரியிலிருந்து வந்த ஒரு புருஷனும் பெண்சாதியும். மெத்தை யாருக்கு என்று கேட்டார்கள், சொன்னேன். அவர் தண்ணீர் குடிக்கப் போனதும் அவள் என் காதில் சொன்னாள்.

"கேன்சர் ஆக்கும் அக்கா. அவருட்ட அல்சர்ணு சொல்லி வச்சிருக்கேன். அறிஞ்சா அண்ணைக்கே போயிருவாரு."

சிஸ்டர் கூப்பிட, அவள் உள்ளே போனாள். அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"அல்சர்ணு சொல்லியிருப்பா, இல்லியா? வெளிய கேன்சர்ணு எழுதியிருக்க போர்டு நானும் வாசிச்சேன். எனக்குத் தெரியும்ணு அவ அறியாண்டாம். தாங்க மாட்டா."

என் வீட்டுக்காரரும், டாக்டர் என்ன சொன்னார் என்று தினமும் கேட்பார். ஒன்றுமில்லை என்பேன். ஒருநாள் கேட்பதை நிறுத்திவிட்டார். பிறகு சாகும்வரை சுவரைப் பார்த்தே படுத்திருந்தார்.

அவள் வெளியே வந்ததும் சொல்லிவிட்டேன்.

"மக்கா, அவருக்கு எல்லாம் தெரியும். ரெண்டு பேரும் ஒண்ணா இருந்து அழுங்க."

"ஒனக்க மாப்பிளைய வாரிக் குடுத்தாச்சு. இனி எனக்க குடும்பத்தையும் கெடுக்கணுமா?"

அவரும் என்னை முறைத்தார். ஆனால் அவள் கையைப் பிடித்து, "இங்க இருடீ," என்றார். அவள் உட்கார்ந்தாள். அவர் கையை விடவில்லை.

நான் பஸ் ஏறிவிட்டேன்.

நீங்களும் திட்டலாம். உங்கள் வீட்டு நோயாளி கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று எழுதிவிட்டுத் திட்டுங்கள்.