முன்னிருந்தவர்கள் விட்டுப்போன பாப்பா

வீட்டைக் காலி செய்துகொண்டு போகிறவர்கள் எதையாவது விட்டுவிட்டுத்தான் போவார்கள். எங்கள் ஊரான பெக்கோக்கில் நாங்கள் இருந்த வீட்டில் என் அம்மாவே கால் ஆடும் மேசை ஒன்றையும் மூடி தொலைந்த டப்பாக்களையும் விட்டுவிட்டு வந்தாள். அப்பாவுக்குப் பாசிர் கூடாங்கில் ஓர் எண்ணெய் ஆலையில் வேலை கிடைத்து, தாமான் என்கிற குடியிருப்பில் ஒரு வரிசை வீட்டுக்கு நாங்கள் வாடகைக்கு வந்தபோது, எங்களுக்கு முன் அங்கே இருந்தவர்கள் அடுப்படியில் ஒரு சாமி காலண்டரையும், குளியலறையில் பாதி தேய்ந்த சோப்பையும், ஒரு குழந்தையையும் விட்டுப்போயிருந்தார்கள். காலண்டரும் சோப்பும் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை.

குழந்தை முதல் நாளே கிடைத்துவிடவில்லை. முதலில் கிடைத்தது தொட்டில். ஹாலின் உத்தரத்தில் கொக்கி போட்டு, ஸ்பிரிங் மாட்டி, அதில் சாரோங் துணி கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். நாற்காலியைப் போட்டு அதைக் கழற்றப் போன அப்பாவை அம்மா தடுத்துவிட்டாள். அடுத்தவள் கட்டிய தொட்டிலை நாம் அவிழ்க்கக் கூடாதாம், கட்டியவளேதான் வந்து அவிழ்க்க வேண்டுமாம். அதைவிட முக்கியம், வெறும் தொட்டிலை ஆட்டக்கூடாது. ஆட்டினால் அதில் படுத்திருந்த பிள்ளைக்கு, அது எந்த ஊரில் இருந்தாலும் சரி, வயிறு வலிக்கும். ஆகவே மின்விசிறிக் காற்றில் ஆடிவிடாதபடி அம்மா துணியைச் சுருட்டி முடிச்சுப் போட்டாள். நாங்கள் மூன்று பேரும் குடியிருக்கும் வீட்டிலேயே அதைச் சுற்றிச் சுற்றி நடந்தோம்.

பக்கத்து வீட்டு ஆண்ட்டி விவரம் சொன்னார். முன்பு இருந்த அம்மா, ஃபேக்டரிக்குப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவராம். மகளுக்குப் பிரசவம் என்று சிகாமட் ஊருக்கே போய்விட்டாராம். போகும் முன் குழந்தைகளின் அம்மாக்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் போனாராம். எல்லோரிடமும் என்பதில் ஒருத்தி மட்டும் விடுபட்டது பிறகுதான் தெரிந்தது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வீட்டில் ஒரே பிள்ளை. ஒரே பிள்ளையாக இருப்பதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டாள், பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். காலையில் எனக்கு எண்ணெய் தடவி இரட்டைச் சடை போட்டுவிடுவாள். சாயங்காலம் டிவி நாடகம் போடும்போது அவள் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொள்வேன். கால் இரண்டும் பாயைத் தாண்டித் தரையில் கிடக்கும். இருந்தாலும் அது என் மடி. அதில் வேறு யாருக்கும் பங்கு இல்லை என்று நான் சட்டம் போட்டு வைத்திருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை விடியற்காலை, இருட்டு பிரியாத நேரம். அம்மா தலைக்குக் குளித்து ஈர முடியைத் துண்டால் சுற்றிக்கொண்டு, கப்தான் என்கிற தொளதொள அங்கியில் குப்பைப் பையைப் போட கேட்டைத் திறந்தாள். சந்தி முனையில் ஃபேக்டரி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. ஒரு பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள். கப்தானைப் பார்த்தாள், ஹால் வெளிச்சத்தில் தொங்கிய தொட்டிலைப் பார்த்தாள், தோளில் இருந்த குழந்தையைத் தூக்கி அம்மாவின் கையில் கொடுத்தாள். பையைக் கேட்டில் மாட்டினாள்.

"ராத்திரி பூரா தூங்கலக்கா. பால் பையில இருக்கு" என்றாள். அவ்வளவுதான். ஓடிப் போய் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

அம்மா வாயைத் திறப்பதற்குள் பஸ் போய்விட்டது. ஒரு கையில் குப்பைப் பையும் ஒரு கையில் குழந்தையுமாக உள்ளே வந்தாள். அப்பா எழுந்து வந்து யார் பிள்ளை என்று கேட்டார். தெரியவில்லை என்றாள் அம்மா. யார் கொடுத்தது என்றார். அதுவும் தெரியவில்லை என்றாள். அப்பா ஐயோ என்பதுபோல "அலமாக்" என்று மெதுவாகச் சொல்லி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். போலீசில் போய்ச் சொல்லலாமா என்று அவர் யோசித்தபோது, பிள்ளையைத் திருடிக்கொண்டு வந்தவள் பால் பையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டா போவாள் என்று அம்மா கேட்டாள். பேசிக்கொண்டே தொட்டில் முடிச்சை அவிழ்த்து, பிள்ளையை அதில் போட்டாள்.

போட்டதும் அது உடனே தூங்கிப்போனது. எனக்கு முதல் எரிச்சல் அங்கேதான் ஆரம்பித்தது. வந்த நாளிலிருந்து எனக்கு அந்த வீட்டில் சரியாகத் தூக்கம் இல்லை. சுவர் புதிது, மின்விசிறிச் சத்தம் புதிது, ஆலைப் பக்கமிருந்து வரும் வாடை புதிது. அதற்கோ எல்லாம் பழக்கம். எங்களைவிட அதற்குத்தான் அந்த வீடு சொந்தம் என்பதுபோல வாயைப் பிளந்துகொண்டு தூங்கியது.

சாயங்காலம் அந்தப் பெண் வந்து, வெளிச்சத்தில் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று குழந்தையோடு ஊருக்குப் போய் ஒரு மாதம் இருந்தாளாம். கைப்பேசி கெட்டுப்போனதால் யார் நம்பரும் அவளிடம் இல்லை. முந்தின இரவுதான் திரும்பி வந்திருக்கிறாள். கணவன் சிங்கப்பூரில் வேலை, சனிக்கிழமைதான் வருவான். அழுகைக்கு நடுவில் எந்த ஊர் என்று அம்மா கேட்டாள். பெக்கோக் என்றாள். வந்தது வினை. எந்தத் தோட்டம், எந்தக் கோயில், யார் மகள் என்று இருவரும் விசாரித்து முடிப்பதற்குள் தேநீர் வந்தது, முறுக்கு வந்தது, வேறு ஆள் கிடைக்கும்வரை பிள்ளை இங்கேயே இருக்கட்டும் என்ற வார்த்தையும் வந்தது. வேறு ஆளை யாரும் தேடியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அந்தக் குழந்தைக்கு நீளமான, நல்ல பெயர் ஒன்று இருந்தது. நான் ஒரு நாளும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இப்போதும் எழுதப் போவதில்லை. அம்மாவும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. பாப்பா என்று கூப்பிட்டாள். என் பெயரை எடுத்து அதற்குக் கொடுத்துவிட்டு, "நீ பெரிய பிள்ளைலா" என்று என்னிடம் சொன்னாள். பெரிய பிள்ளை என்றால் பால் போத்தலைக் கழுவுகிற பிள்ளை என்று அர்த்தம். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியது என்பார்களே, நான் அந்த ஊர்ப் பிடாரி.

அதன் கன்னத்தில் அம்மா பெரிதாக மைப்பொட்டு வைத்தாள், உள்ளங்காலில் ஒன்று வைத்தாள். யார் கண் பட்டுவிடும் என்று கேட்டேன். வருகிறவர் போகிறவர் கண் என்றாள். அந்த வீட்டுக்கு வருகிறவர் போகிறவர் எவரும் இல்லை, நான்தான் இருந்தேன். என் கண்ணுக்கு அந்த மை போதாது.

சடையும் போயிற்று. காலையில் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் என் முடியை வாரினாள் அம்மா. சில நாள் ஒரு சடை மேலேயும் ஒரு சடை கீழேயும் தொங்க நான் பள்ளி வேனில் ஏறினேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கடைவரிசைக்குக் கூட்டிப்போய்க் காதுக்கு மேலே முடியை வெட்டிவிடச் சொன்னாள். வெயிலுக்கு நல்லது என்றாள். முடி வெட்டிய அக்கா ரொம்ப அழகாக இருக்கிறது என்றார். வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தேன், என் வயிறு பற்றி எரிந்தது. அந்தக் குழந்தையின் தலையில் ஒரு கொத்து முடி இருந்தது. அதற்கு அம்மா சிவப்பு ரப்பர் போட்டுக் குடுமி கட்டியிருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா துணி காயப்போடப் பின்பக்கம் போன சமயம், நான் தொட்டிலின் முடிச்சை அவிழ்த்தேன். வெறும் தொட்டிலை ஆட்டினேன். ஸ்பிரிங் கிரீச் கிரீச்சென்று கத்த, கை வலிக்கும்வரை ஆட்டினேன். அது தன் வீட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறது என்று மனதுக்குள் பார்த்துக்கொண்டேன். எவ்வளவு திருப்தி தெரியுமா? மறுநாள் காலை அது இன்னும் கொழுத்து வந்து, என்னைப் பார்த்துப் பல் இல்லாத வாயால் சிரித்தது. பெரியவர்கள் சொல்கிற எதையும் நம்பக்கூடாது என்ற முடிவுக்கு நான் வந்தது அன்றைக்குத்தான்.

மடி கடைசியாகப் போனது. அந்தப் பெண் வந்து பிள்ளையைத் தூக்கிப்போவதற்கு முன்பே நாடகம் வந்துவிடும், முதலில் அந்த நேரத்தில் ஆளுக்குப் பாதி என்று இருந்தது. பிறகு அது தவழ்ந்து வந்து என் காதைப் பிடித்து இழுத்து, என் தலையை நகர்த்திவிட்டுத் தான் ஏறிக்கொண்டது. அம்மா சிரித்தாள், என்னைப் பார்த்துத்தான் சிரித்தாள். நான் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டு நாடகம் பார்த்தேன். நாடகத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் இப்போதுகூடச் சொல்லத் தெரியாது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது ஒன்று நடந்தது. அம்மா அதற்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அது கரண்டியைத் தள்ளிவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்து, மிகத் தெளிவாக, அம்மா என்றது. என் அம்மாவின் கை அப்படியே நின்றது. பிறகு ஆண்ட்டி என்று சொல்லு, ஆண்ட்டி என்று திருத்தினாள். அது திரும்பவும் அம்மா என்றது. அவள் திருத்திய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. நான் வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொன்னால் அவள் திருத்துகிற விதம் எனக்குத் தெரியும். இது அந்தத் திருத்தல் இல்லை. இன்னொரு தடவை கேட்க ஆசைப்பட்டுச் செய்கிற திருத்தல்.

அதன் பிறகு அது நாள் முழுக்க அம்மா அம்மா என்று அவள் பின்னாலேயே தவழ்ந்தது. சாயங்காலம் அந்தப் பெண் வந்து, இன்றைக்குப் பிள்ளை என்ன செய்தது என்று தினமும் ஆசையாகக் கேட்பாள். நன்றாகச் சாப்பிட்டது, நன்றாகத் தூங்கியது என்று மட்டும் அம்மா சொல்வாள். இதைச் சொல்லமாட்டாள். அடுத்தவள் பிள்ளைக்குத் தப்பாகப் பேசக் கற்றுக்கொடுத்ததற்குத் திட்டு விழுமே என்ற பயம் என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்பாவிடம் முறையிட்டுப் பார்த்தேன். குழந்தைதானே, பேச்சு வரட்டும் என்று அவர் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார். எனக்கு நியாயம் சொல்ல அந்த வீட்டில் ஆள் இல்லை.

ஒரு நாள் அந்தப் பெண் வந்தபோது அம்மா பின்னால் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தாள். அவள் ஃபேக்டரி சட்டையோடு, கழுத்தில் அடையாள அட்டையோடு, தொட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை வழக்கம்போலத் தூங்கிக்கொண்டிருந்தது. காலையில் தூக்கத்தில் வந்து சாயங்காலம் தூக்கத்தில் போகும் பிள்ளை அது. அவள் அதன் கால் விரல்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவளிடம் சொல்லிவிடுவதுதான் சரி என்று எனக்குப் பட்டது. இவள்தானே சொந்தக்காரி, இவள் கண்டித்தால் கேட்கும்.

"ஆண்ட்டி, உங்க பாப்பா எங்க அம்மாவ அம்மான்னு கூப்பிடுது."

அவள் விரலை எடுக்கவில்லை. எப்போதிலிருந்து என்று கேட்டாள். ரொம்ப நாளாக என்றேன்.

"என்னைய என்னன்னு கூப்பிடுது?"

நான் நன்றாக யோசித்துப் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாதே.

"நீங்க வர்றப்ப அது தூங்கிருமே ஆண்ட்டி."

அவள் தலையை ஆட்டினாள். என் குட்டை முடியை ஒரு தடவை தடவிவிட்டாள். "சரிம்மா. இனிமே கூப்பிடாது" என்றாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. இத்தனை நாளில் என் பேச்சை மதித்துக் கேட்டு, எதிர்க்கேள்வி போடாமல் நியாயம் சொன்ன ஒரே பெரிய ஆள் அவள்தான்.

அம்மா தேநீரோடு வருவதற்குள் அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டாள். போத்தல், துண்டு, பிளாஸ்டிக் வாத்து, காய்ந்துகொண்டிருந்த சட்டைகள் எல்லாவற்றையும் பையில் அடைத்தாள். நாளைக்கு வேண்டுமே, எல்லாவற்றையும் ஏன் எடுக்கிறாய் என்று அம்மா கேட்டாள். கழுவ வேண்டும் என்றாள் அவள். தேநீரைக் குடிக்கவில்லை.

மறுநாள் விடியற்காலை அம்மா கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். பஸ் வந்தது, ஹாரன் அடித்தது, போய்விட்டது. அம்மா உள்ளே வரவில்லை. மத்தியானம்போல அந்தப் பெண்ணிடமிருந்து செய்தி வந்தது. வேலையை விட்டுவிட்டாளாம், பிள்ளையோடு ஊருக்குப் போகிறாளாம், கோபமெல்லாம் இல்லையாம், அக்கா செய்த உதவியை மறக்கமாட்டாளாம். அம்மா நின்றபடியே அதைப் படித்துவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். எனக்காக ஒரு பொம்பிளை வேலையையே விட்டிருக்கிறாள் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன். அந்த வீட்டில் வயிறு எரிந்தது என் ஒருத்திக்கு மட்டும் இல்லை என்பதோ, என்னுடையதைவிட அவளுடையது பெரிய நெருப்பு என்பதோ எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் நாடகம் போட்டதும் நான் ஓடிப் போய் மடியில் தலைவைத்துப் படுத்தேன். முழு மடி. யாரும் காதைப் பிடித்து இழுக்கவில்லை. நான்தான் ஜெயித்தேன். அம்மா டிவியைப் பார்த்தபடி என் முதுகில் மெல்லத் தட்டிக்கொடுத்தாள். தட்டிக்கொண்டே இருந்தாள், நாடகம் முடிந்து செய்தி வந்த பிறகும். ஒன்பது வயதுப் பிள்ளையை யாரும் தட்டித் தூங்கவைப்பதில்லை என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டேன்.