மட்டில்டாவின் சொரசொரப்பு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு வார்ப்புத் தொழிற்சாலையில் இருபது வருடமாக நான் பார்க்கும் வேலை, அடுத்தவர் வேலையில் குறை சொல்வது. பதவியின் பெயர் தர ஆய்வாளர். அச்சிலிருந்து வரும் இரும்பு வார்ப்பை கிரைண்டிங் செக்‌ஷனில் தேய்த்து அனுப்புவார்கள். நான் விரலால் தடவிப் பார்ப்பேன். எங்காவது சொரசொரத்தால் சிவப்புப் பெயிண்டில் ஒரு பெருக்கல் குறி போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவேன். அது மறுபடி கிரைண்டருக்குப் போகும். நன்றாக இருப்பதை நன்றாக இருக்கிறது என்று சொல்லும் வழக்கம் எங்கள் துறையில் கிடையாது. சிவப்பு இல்லையென்றால் சரி என்று அவர்களே புரிந்துகொள்ள வேண்டியதுதான். இந்தக் குணம் வீட்டுக்கும் வந்துவிட்டது. நான் சாம்பாரைப் பற்றி வாய் திறக்காத நாள்தான் சாம்பார் நன்றாக இருந்த நாள் என்று என் மனைவி கண்டுபிடித்து வைத்திருக்கிறாள்.

இப்படிப்பட்ட ஒருவன் ரேடியோ ரிமோட்டில் ஓடும் டேங்க் ஒன்றை வாங்கினான் என்றால் அவளுக்குச் சிரிப்பு வரத்தானே செய்யும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ்காரர்கள் ஓட்டிய மட்டில்டா. நிஜத்தில் ஆறில் ஒரு பங்கு அளவு, மூன்றடி நீளம், எல்லாம் உலோகம். இங்கிலாந்திலிருந்து நான்கு மரப்பெட்டிகளில் உதிரி உதிரியாக வந்து இறங்கியது. பூட்டுவது நம் பொறுப்பு. கடைக்காரர்களே பூட்டிக் கொடுப்பதும் உண்டு. ஆனால் பிறர் பூட்டியதில் எனக்கு எங்கே திருப்தி வரும்? பின்கட்டில் தகரக் கொட்டகை போட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்தேன்.

கிரைண்டிங் செக்‌ஷனில் என்னைவிட ஐந்து வயது மூத்த ஒருவர் இருந்தார். ஆரம்பாக்கம் பக்கத்து ஊர், கொஞ்சம் நெல் நிலம் உண்டு. நான் அதிகமாகச் சிவப்புப் போட்டது அவர் வேலைக்குத்தான். காரணம், கடினமான வார்ப்புகளை எல்லாம் அவரிடம்தான் கொடுப்பார்கள். ஆலைக்குள் என்னை ‘சார்’ என்பார். வெளியே வந்துவிட்டால் ‘நைனா’, நீ, வா, போ.

ஒருநாள் கேன்டீனில் அவர் கையிலிருந்த டீ டம்ளர் நழுவிக் கீழே விழுந்தது. விழுந்ததுகூட அவருக்குச் சத்தம் கேட்ட பிறகுதான் தெரிந்தது. நான் பார்த்துவிட்டதை அவரும் பார்த்துவிட்டார். அன்று சாயந்திரம் சைக்கிள் ஸ்டாண்டில் என்னை நிறுத்தினார்.

“காலைல எழுந்தா வெரலு வெள்ளையா ஆயிடுது நைனா. கிரைண்டரு அதிரி அதிரி மரத்துப் போன மாரி கீது. அடுத்த மாசம் கம்பெனிக்கு டாக்டரு வராரு, எல்லாரையும் பாக்க. தெரிஞ்சா கிரைண்டர்லேர்ந்து தூக்கி கேட்டுல குந்த வெச்சிடுவாங்க. வண்டி நம்பர் எழுதிக்கினு குந்தினு இருக்க என்னால ஆவாது.”

“நான் என்னண்ணா பண்றது?”

“டாக்டரு சொல்றதுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சாவணும். கை இருக்குதா, போயிடிச்சான்னு. கம்பெனில உன்னாண்ட காமிச்சா நீ எழுதியாவணும். உன் ஊட்டுல அந்த டேங்கு கீதே, அதுல எதுனா குடு. தேச்சிட்டு வரேன். நீ பாத்து சொல்லு.”

இருபது வருடமாகக் குறை சொன்னவனிடமே வந்து நின்றது எனக்கு என்னவோ போல் இருந்தது. ஆனால் நான் பொய் சொல்லமாட்டேன் என்று நம்பித்தான் வந்திருந்தார்.

மூன்றாவது பெட்டியை அப்படியே கொடுத்து அனுப்பினேன். அதிலிருந்த மூடிகளின் ஓரத்துப் பிசிறை எடுத்துவரச் சொன்னேன். அதே பெட்டியில் டரட்டும் இருந்தது. பீரங்கி பொருந்தியிருக்கும், சுழலும் மேல்மண்டை. ஒரே அலுமினிய வார்ப்பு. அதைத் தொடாதீர்கள் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு லுங்கித் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். பிரித்தேன். டரட் பளபளவென்று முகம் பார்க்கும்படி இருந்தது.

நிஜ மட்டில்டாவின் டரட் மணல் அச்சில் வார்த்தது. அதன் மேல் முழுக்கச் சொரசொரப்பு. இந்த மாடலைச் செய்தவர்கள் அந்தச் சொரசொரப்பை மெனக்கெட்டு அப்படியே கொண்டுவந்திருந்தார்கள். அந்த வண்டிக்கு அழகே அதுதான். இவர் அதை ஒரு பொட்டு விடாமல் தேய்த்து எடுத்துவிட்டார்.

“அண்ணா, இது சொரசொரன்னுதான் இருக்கணும்! கெடுத்துட்டீங்களே!” என்று கத்திவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நிஜமான குழப்பம் இருந்தது. “சொரசொரன்னு இருந்தா நீ செவப்பு போடுவியே?”

 எங்கள் ஆலையில் சொரசொரப்பு என்றால் குற்றம். அப்படி ஆக்கி வைத்தது நான். வேறு எந்த ஊரிலாவது, வேறு எந்தத் தொழில்காரனிடமாவது போயிருந்தால் அந்த டரட் தப்பித்திருக்கும்.

கோபம் அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகுதான் அவர் எதற்காக வந்திருக்கிறார் என்பது நினைவுக்கு வந்தது. தடவிப் பார்த்தேன். அவ்வளவு வளைவான பரப்பை அவ்வளவு சீராக யாரும் தேய்த்து நான் பார்த்ததில்லை. ஆனால் இடது பக்கத்தில் என் விரல் நின்றது. மறுபடி தடவினேன். ஸ்டீல் ஸ்கேலை நெட்டுக்குத்தாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஸ்கேலுக்கு அடியில் ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தது. பள்ளம்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். டரட்தான் கெட்டுப்போயிற்றே, இதில் ஒரு பள்ளம் யாருக்கு என்ன? ஆனால் விட்டால் அவர் கிரைண்டரைக் கீழே வைக்கமாட்டார், மிச்சமிருக்கும் விரலும் போய்விடும்.

“இங்க ஒரு பள்ளம் இருக்குதுண்ணா.”

“எங்க?” கண்ணை மூடிக்கொண்டு தடவினார். மூன்று தடவை. “எங்க நைனா?”

அவர் ஆள்காட்டி விரலைப் பிடித்துப் பள்ளத்தின் மேலேயே வைத்தேன். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. ஸ்கேலை வைத்துக் காட்டினேன். கண்ணைத் திறந்து அந்த வெளிச்சக் கீற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“சரி” என்றார்.  மனைவி கொண்டுவந்த காபியை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துவிட்டுப் போனார்.  மற்ற இடமெல்லாம் அவ்வளவு சீராக இருந்ததை அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

மறுநாள் அவரே ஆபீசுக்குப் போய் கேட் டியூட்டி கேட்டு வாங்கிக்கொண்டார். டாக்டர் வரும்வரை காத்திருக்கவில்லை.

டரட்டின் மேல் பிறகு நானும் அவருமாகப் பட்டி பூசினோம். ஈரமாக இருக்கும்போதே கெட்டி மயிர் பிரஷ்ஷால் குத்திக் குத்திச் சொரசொரப்பை வரவழைத்தோம். அதற்கு விரல் நுனி தேவைப்படவில்லை. அவர்தான் குத்தினார். “காலம் பூரா தேச்சி எடுத்தத இப்ப நானே ஒட்டிக்கினு கீறேன் பாரு” என்று சிரித்தார். பள்ளமும் பட்டிக்குள் மறைந்துவிட்டது.

வீட்டுக்குப் பின்னால் வேலிகாத்தான் முள் மண்டிய காலி மனையில்தான் முதல் ஓட்டம். ரிமோட்டை அவர் கையில் கொடுத்தேன். அதில் கட்டைவிரலால் தள்ளும் இரண்டு சின்னக் குச்சிகள். டேங்க் பத்தடி நேராகப் போய், திரும்பவேண்டிய இடத்தில் திரும்பாமல் முள்ளுக்குள் புகுந்தது. இழுத்து வெளியே விட்டோம். மறுபடியும் முள்.

“டேங்கப் பாத்தா வெரலு குச்சி மேல கீதா இல்லையான்னு தெர்ல. வெரலப் பாத்தா டேங்கு எங்க போவுதுன்னு தெர்ல” என்றார்.

நிஜ மட்டில்டாவை ஓட்டியவனுக்கும் முன்னால் ஒரு சின்னப் பிளவு வழியாகத்தான் பாதை தெரியும். மேலே நிற்கும் கமாண்டர் வழி சொல்லச் சொல்ல அவன் ஓட்டுவான். நாங்களும் அப்படியே செய்தோம். அவர் குனிந்து கட்டைவிரல்களைப் பார்த்துக்கொண்டார். நான் வண்டியைப் பார்த்துக்கொண்டு லெஃப்ட், ரைட் என்று சொன்னேன். மட்டில்டா மனையைச் சுற்றி வந்தது. மெதுவான வண்டி, அதனால் பிழைத்தோம்.

இரண்டாவது சுற்றில், விரலை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னார்: “ஒண்ணு சொல்லட்டா? இந்த வெரலு போனதே நீ போட்ட செவப்புலதான். ஒரு செவப்புக்கு அர மணி நேரம் கூட கிரைண்டர் புடிக்கணும்.”

கிண்டலாகத்தான் சொன்னார். சிரித்துக்கொண்டும் இருந்தார்.  எத்தனை சிவப்பு போட்டிருப்பேன் என்று நினைத்துப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. அதற்குள் டேங்க் முள்ளை நெருங்கிவிட்டது.

“லெஃப்ட்” என்றேன்.

அவர் விரலைப் பார்த்து நகர்த்தினார். வண்டி முள்ளை உரசாமல் திரும்பியது.

“நல்லா திருப்புனீங்கண்ணா. டரட்டயும் நல்லாதான் தேச்சிருந்தீங்க” என்றேன்.

இருபது வருடத்தில் அவரிடம் நான் நன்றாக இருக்கிறது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கண்ணை எடுத்தால் விரல் எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது.