லிசாவுக்கு யார் கொடுத்தது?

ஜேசுரட்ணத்துக்குச் சந்தேகம் என்பது பசி மாதிரி, வேளை தவறாமல் வரும். கடையில் நிறுத்துத் தந்த வாழைப்பழத்தை வீட்டில் இன்னொருமுறை நிறுப்பார். மருந்துக்கடைக்காரி சிரித்தால், பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டாளோ என்று பெட்டியின் திகதியைப் பார்ப்பார். மன்னாரிலிருந்து அகதியாக வந்து, ஜெர்மனியின் டோர்ட்மண்டில் உணவகம் உணவகமாகக் கோப்பை கழுவி, பென்சன் எடுத்த மனிதர். ஆனால் ஜெபமாலைக் கூட்டத்தில் அவர்தான் ராசா. மாதா சொரூபம் வீடு வீடாகப் போகும். போகிற வீடெல்லாம் பாட்டை எடுத்துக்கொடுப்பது அவர்தான். மேல்வீட்டு ஜெர்மன்காரர் சத்தம் என்று முறையிடுவார் என்பதால் யன்னல்களை இறுக்கிப் பூட்டிவிட்டுத்தான் பாடுவார்கள். பேத்தி லிசா அவர் மடியில் இருப்பாள்.

அந்த லிசாவின் கழுத்தில் கட்டி வந்தது, காய்ச்சல் விட்டுவிட்டுக் காய்ந்தது. காசநோய் என்றார்கள். மகள் அன்ரனிற்றா அழுத அழுகையில் வைத்தியரே தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். மருந்து இருக்கிறது, சுகமாக்கலாம் என்றார். ஆனால் இருமலோடு உள்ள யாரோ ஒரு பெரியவரிடமிருந்துதான் இது பிள்ளைக்கு வந்திருக்கும், அவரைக் கண்டுபிடிக்காவிட்டால் இன்னும் பரவும் என்றும் சொன்னார்.

கண்டுபிடிக்க ஜேசுரட்ணத்துக்கு நேரமே தேவைப்படவில்லை. இன்னாசித்தம்பிதான். புதிதாக வந்தவன், அகதி முகாமில் இருக்கிறவன், கூட்டத்தில் மூலையில் இருந்து இருமுகிறவன். அன்று பின்னேரமே கூட்டத்துக்கு வந்தவனை வாசலில் வைத்து மறித்தார்.

"தம்பி, இனி இஞ்சை வராதையும்."

"ஏன் அண்ணை?"

"லிசாவுக்கு ரீபி. உம்மடை இருமலை எல்லாரும் கேட்டவைதானே."

"எனக்கு மூச்சிழுப்பு அண்ணை, குளிருக்கு வாறது. முகாமுக்கு வரேக்கை நெஞ்சை எக்ஸ்றே எடுத்துப் பாத்தவங்கள். ஒண்டுமில்லை எண்டவங்கள்."

"அது வரேக்கை எடுத்தது. பிறகு எங்கையெங்கை போய் வந்தனீரோ, ஆருக்குத் தெரியும்?"

இன்னாசித்தம்பி சப்பாத்தைக் கழற்றாமலே திரும்பிப் போனான். உள்ளே இருந்தவர்களில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை, வெட்கக்கேடு. அன்ரனிற்றாவும் திறக்கவில்லை. ஆவணியிலிருந்து தகப்பன் இருமலுக்குக் கொத்தமல்லித் தண்ணீர் குடிப்பதையும், அவருடைய காற்சட்டை இடுப்பில் நிற்காததையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பாடுகிறவன் தொண்டை அப்படித்தான் என்று சமாளிப்பார். இருமல் முட்டினால் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு இருமுவார். பாட்டை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு.

கூட்டத்துக்கு வந்த எல்லோரையும் சுகாதார அலுவலகம் சோதனைக்குக் கூப்பிட்டது. "எனக்கென்ன வருத்தம்? அவனைப் பாக்கச் சொல்லு" என்று மகளோடு மல்லுக்கட்டிவிட்டுக் கடைசி ஆளாகப் போனார் ஜேசுரட்ணம். இன்னாசித்தம்பிக்கு ஒன்றுமில்லை. ஜேசுரட்ணத்தின் நுரையீரலில் ஓட்டையே விழுந்திருந்தது. எப்போதோ, அநேகமாக ஊரில் இடம்பெயர்ந்து கிடந்த காலத்தில் உள்ளே போன கிருமி, இத்தனை வருடமும் சும்மா படுத்திருந்துவிட்டு வயது போனதும் எழும்பியிருக்கிறது என்றார்கள். பூட்டிய அறையில் அவர் அடிவயிற்றிலிருந்து பாடப்பாட அது காற்றில் கலந்தது. மடியில் இருந்த பிள்ளை அந்தக் காற்றைத்தான் சுவாசித்தாள்.

ஆஸ்பத்திரியில் அவரைத் தனியறையில் விட்டார்கள். அன்ரனிற்றா தொலைபேசியில் பேசினாள்.

"லிசா எப்பிடிப் பிள்ளை?"

"மருந்து பிடிக்குது அப்பா. காய்ச்சல் விட்டிட்டுது."

அவர் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"இன்னாசித்தம்பிக்குச் சொன்னனியோ?"

"ஓம். நேரை போய் மன்னிப்புக் கேட்டனான்."

"என்னவாம்?"

"லிசாவை விசாரிச்சவர். பிறகு, 'பாவம், அண்ணைக்கு ஆர் குடுத்தது?' எண்டு கேட்டவர்."

"என்ன, குத்திக்காட்டிக் கேட்டவனோ?"

"இல்லையப்பா. கவலையாத்தான் கேட்டவர்."

ஜேசுரட்ணம் தொலைபேசியைக் கட்டிலில் வைத்துவிட்டு வாய்விட்டு அழுதார்.