எதிர்வீட்டுத் துண்டு

நான் ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை. குத்துக்கல்வலசையில் எங்கள் தெருக்காரர்களுக்கு விசா நேர்காணல் என்றால் நேரே என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். இலவசம் என்றால் யார் விடுவார்கள்? எதிர்வீட்டுக்காரியும் அப்படித்தான் வந்தாள். அமெரிக்காவில் அவள் மகளுக்குப் பேறுகாலம்.

அவள் கணவர் சில வருடங்களுக்கு முன் ஒரு சாரல் காலத்தில், விடியற்காலையிலேயே நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு குற்றாலத்துக்குக் குளிக்கப் போனவர். திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் வாசல் சன்ஷேடுக்குக் கீழே கொடியில் ஒரு காய்ந்த துண்டு போடுவாள். நனைந்து வருகிறவர் துவட்ட வேண்டுமாம். தெருவில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

பயிற்சியின்போது, அங்கிருந்து ஏன் திரும்பி வருவாய் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். "ஐ எக்ஸ்பெக்ட் மை ஹஸ்பண்ட்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேரப்பிள்ளையைப் பார்க்கும் ஆசைக்கு லுக் ஃபார்வர்ட், வருவார் என்பதற்குக் காரணம் இருந்தால் எக்ஸ்பெக்ட், மனசு மட்டும் கேட்டால் ஹோப் என்று பிரித்துச் சொன்னேன். உன்னுடையது ஹோப்தான் என்றேன்.

"ஹோப்புன்னா வராமலும் போவலாம்லா, டீச்சர். நான் துண்டு எடுத்துப் போடுதேன்லா, அது எக்ஸ்பெக்ட்."

பிடிவாதக்காரி. கடைசியில், வீடும் வயலும் இருப்பதால் திரும்புவேன் என்று சொல்ல வைத்தேன். விசா கிடைத்தது. கிளம்பும்போது சாவியைக் கொடுத்து, துண்டை மறக்காமல் போடச் சொன்னாள். ஈரமாக இருந்தால் உடனே சொல்ல வேண்டும், எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிடுவாளாம். சரி சரி என்று தலையாட்டினேன். எனக்கு அதில் நம்பிக்கை கொஞ்சமும் இல்லை.

போன வாரம் ஒரு சாயங்காலம் துண்டை எடுக்கப் போனேன். தொட்டதும் கை சில்லிட்டது. பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. அன்று சாரலே கிடையாது. என் வீட்டுத் துணியெல்லாம் மொறமொறவென்று காய்ந்திருந்தது. முகர்ந்து பார்த்தேன். நல்லெண்ணெய் வாசனை. கேட் நான் பூட்டியபடியே இருந்தது. ஈரத் துண்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று திரும்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் அவளிடமிருந்து ஃபோன். பின்னால் கைக்குழந்தை சிணுங்கும் சத்தம் கேட்டது.

"டீச்சர், துண்டு காஞ்சா கெடக்கு?"

"காஞ்சுதாம்மா கெடக்கு. நீ பிள்ளையைப் பாரு."

ஃபோனை வைத்துவிட்டு, என் பீரோவிலிருந்து ஒரு காய்ந்த துண்டை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். அதைக் கொடியில் போட்டுவிட்டு, கேட்டைப் பூட்டாமல் வந்தேன்.