வாய்க்காங்கரைத் தெருவில் ஒரு போகம்

நாகரத்தினத்துக்குக் கோணல் ஆகாது. கீழ்வேளூருக்குத் தெற்கே நிலம் வைத்திருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். நடவுக்கு அந்த அம்மாள் ஆட்களைக் கூட்டி வந்தால் வேலை முடிய மற்றவர்களைவிடச் சற்று நேரம் கூடும். ஆனால் மறுநாள் வரப்பில் நின்று பார்க்கிறவருக்குக் குறை சொல்ல ஒன்றும் இருக்காது. யாராவது நாற்றை ஆழமாக ஊன்றிவிட்டால் பின்னாலேயே வந்து பிடுங்கித் திரும்ப நடுவார். கல்யாண வீட்டுப் பந்தியில் இலைகள் முன்பின்னாக இருந்தால் உட்காருவதற்கு முன் நேராக்குவார். ரேஷன் கடை வரிசையில் வைத்த பைகளில் ஒன்று சற்றுத் துருத்திக்கொண்டிருந்தால் காலால் உள்ளே தள்ளுவார். அது யாருடைய பை என்பதைப் பற்றி அவர் யோசிப்பதில்லை. பைக்காரி யோசிப்பார். அதனால் சில சண்டைகள் நடந்திருக்கின்றன.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த தெரு வாய்க்காங்கரைத் தெரு. மண்ரோடுதான் என்றாலும் முன்பு ஒரு மாதிரி சமமாக இருந்தது. ஊராட்சியில் வீட்டுக்கு வீடு குழாய் போடுகிறோம் என்று நெடுகத் தோண்டி, குழாயைப் புதைத்து, மண்ணை அள்ளிப் போட்டுவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு குழாயில் வந்த தண்ணீரைவிடத் தெருவில் நின்ற தண்ணீர்தான் அதிகம். மழை பெய்தால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். பால்காரர் தெருமுனையோடு நின்று மணி அடிப்பார். நாகரத்தினத்தின் கணவர் அய்யாவு மட்டும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. அவர் வளர்ப்பது ஒரே ஒரு பசு மாடு. அதற்குத் தெருவிலேயே தண்ணீர் காட்ட முடிந்தது.

இதையெல்லாம் நாகரத்தினம் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் மன்னார்குடியில் கட்டிக்கொடுத்த மகள் அபிநயா கர்ப்பமானாள். மாப்பிள்ளை சிங்கப்பூரில். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். அந்த வழக்கத்துக்குக் குறுக்கே மாப்பிள்ளையின் அம்மா, சம்பந்தி அம்சம், போனில் வந்தார்.

"உங்க தெருவை நான் பாத்திருக்கேன் சம்பந்தி. நிச்சயத்துக்கு வந்தப்ப என் செருப்பு ஒண்ணு அங்கதான் போச்சு. இன்னும் அங்கதான் கெடக்கு."

"அது அப்ப சம்பந்தி."

"இப்ப மட்டும் என்ன? 108 வண்டி உள்ள வருமா? தையில வளைகாப்பு வைப்போம். அதுக்குள்ள உங்க வாசலுக்கு வண்டி வரும்னா பொண்ணைக் கூட்டிட்டுப் போங்க. இல்லையா, இங்கயே பிரசவம் பாத்துக்கறோம். நீங்க வேணா இங்க வந்து இருங்க."

சம்பந்தி வீட்டில் போய் இருப்பது! அந்தக் கடைசி வாக்கியம்தான் நாகரத்தினத்தைக் கிராம சபைக்கு அனுப்பியது.

காந்தி ஜெயந்தி அன்று பள்ளிக்கூட வாசலில் பந்தல் போட்டுக் கிராம சபை நடந்தது. ஊராட்சித் தலைவர் ரெங்கசாமி தீர்மானங்களை வாசித்தார். இந்த வருடத்துச் சிமெண்டு சாலை மேலத்தெருவுக்கு என்று ஒரு தீர்மானம். நாகரத்தினம் எழுந்தார்.

"தலைவரே, மேலத்தெருவுல ரோடு இருக்கே?"

"இருக்கறதாலதாம்மா அங்க போடுறோம். போன தடவை எடுத்த அளவு அப்படியே கையில இருக்கு. உங்க தெருவுக்குன்னா முதல்லேருந்து அளக்கணும்."

"அப்ப அடுத்த தடவையும் அங்கதான் போடுவீங்க. அளவு இன்னும் சுலபமா போயிருக்கும்" என்றார் பக்கத்து வீட்டு ராஜாத்தி. நாகரத்தினத்தின் நடவு ஆட்களில் வாய் அதிகம் உள்ளவர் அவர்.

"எம் பொண்ணு மாசியில பெத்துக்கணும் தலைவரே. வண்டி வரணும்" என்றார் நாகரத்தினம்.

"அடுத்த வருஷம் உங்க தெருதான். நான் சொல்லிட்டேன்ல?"

"அதுக்குள்ள பேரப்புள்ளைக்குக் காதே குத்திடுவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தீர்மானத்தை நிறைவேற்றினார்.

திரும்பும் வழியில் ராஜாத்திதான் யோசனை சொன்னார். சேறான ரோட்டில் நாற்று நட்டுப் போராட்டம் செய்வது இந்தப் பக்கத்தில் புதிதில்லை. பத்திரிகைக்காரரைக் கூப்பிட வேண்டும். நாலு நாற்றைக் கையில் பிடித்துக் குனிந்து நிற்க வேண்டும். படம் வரும், அதிகாரிகள் பதறுவார்கள், ரோடு போடக் கப்பிக்கல் வந்து இறங்கும். சம்பா நடவு நடந்துகொண்டிருந்ததால் நாற்றுக்கும் பஞ்சமில்லை. மிச்சமான நாற்று முடிகளை வயல்காரரிடமே கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் கீழ்வேளூரிலிருந்து நிருபர் ஒருவர் பைக்கில் வந்து தெருமுனையில் இறங்கினார்.

"சும்மா நாலு ஊனுங்கக்கா. குனிஞ்சாப்ல இங்க பாருங்க. போதும், நான் கெளம்பணும்."

நாகரத்தினம் தெருவைப் பார்த்தார். "சும்மா ஊனுறதுன்னா எப்படி? மேடும் பள்ளமுமா கெடக்கு. இதுல நட்டா பாதி முழுகும், பாதி காயும்."

"படத்துக்குத்தானேக்கா."

"படத்துல கோணல் தெரியாதா?"

அவ்வளவுதான். பெண்களை இறக்கிச் சேற்றை மிதிக்கச் சொன்னார். பலகை கொண்டுவந்து இழுத்துப் பரம்படித்துச் சேற்றைச் சமமாக்கினார்கள். ஒருவர் வீட்டுக்கு ஓடிக் கயிறு எடுத்து வந்தார். நிருபர் கடிகாரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பலகை இழுக்கும் பெண்களை ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவர் போன பிறகுதான் முதல் நாற்றே மண்ணில் இறங்கியது.

பத்திரிகையில் படம் நன்றாக விழுந்திருந்தது. கீழே, 'ஊராட்சியுடன் கைகோத்துத் தெருவைச் சமன்படுத்தும் பெண்கள்' என்று போட்டிருந்தது. ரெங்கசாமி அதை வெட்டி அலுவலகச் சுவரில் ஒட்டினார்.

"கேவலமா போச்சேக்கா. எல்லாத்தையும் புடுங்கிப் போட்டுடலாமா?" என்று கேட்டார் ராஜாத்தி.

"பச்சை புடிச்சிருக்குடி" என்றார் நாகரத்தினம்.

உண்மைதான். ஒழுங்காக மிதித்து, ஒழுங்காக நட்ட நாற்று; அது போராட்டம் என்று அதற்குத் தெரியாது. ஐப்பசி மழையில் தூர் கட்டியது. அதன் பிறகு யாரும் யாரிடமும் சொல்லாமல் சில காரியங்கள் நடந்தன. அய்யாவு முள் வெட்டி வந்து ஆடு நுழையாமல் வேலி கட்டினார். ஒரு நாள் பயிர் திடீரென்று கரும்பச்சையானது. யூரியா யார் போட்டது என்று நாகரத்தினம் வீடு வீடாகக் கேட்டார். ராஜாத்தி மட்டும் கேட்பதற்கு முன்பே "நான் இல்லக்கா" என்றார். களை எடுத்தார்கள். இரண்டு பக்கமும் சுவரோரமாக நடக்க வரப்பு போட்டார்கள். சாகுபடிக் கணக்கு எடுக்க வந்த கிராம நிர்வாக அலுவலர் தெருமுனையில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எந்த சர்வே எண்ணில் எழுதுவது என்று புலப்படாமல், பார்க்காதது போலத் திரும்பிப் போனார்.

ஆனால் பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்தார்கள். தெருமுனை கீழ்வேளூர் ரோட்டில் இருக்கிறது. இரண்டு வரிசை வீடுகளுக்கு நடுவில், வாசற்படியிலிருந்து வாசற்படி வரை, நூல் பிடித்த மாதிரி நெற்பயிர். இறங்கி வந்து செல்போனில் படம் எடுத்தார்கள். படம் சுற்றிச் சுற்றி எங்கெங்கோ போய், ஒரு நாள் மேலிடத்திலிருந்து ரெங்கசாமிக்கு போன் வந்தது. அவர் சுவரில் ஒட்டிய காகிதத்தைக் கிழித்தார். மேலத்தெருத் தீர்மானம் வாய்க்காங்கரைத் தெருவுக்கு மாறியது.

மார்கழி பிறந்ததும் பொக்லைன் வந்தது. கூடவே ஒன்றிய அலுவலகத்து ஓவர்சியர் சூர்யபிரகாஷும், முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாத ரெங்கசாமியும் வந்தார்கள்.

வண்டி ஓட்டுபவர் தெருவுக்குள் திரும்பினார். திரும்பியதுமே நிறுத்தி இன்ஜினை அணைத்தார். பயிர் பொதி வெடித்துக் கதிர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன சார் இது? வயல்ல கொண்டாந்து விடச் சொல்றீங்க?"

"ரோடுதான்பா. வழிச்சுத் தள்ளுங்க" என்றார் சூர்யபிரகாஷ்.

"நான் மாட்டேன் சார். எங்க வீட்டுலயும் வெள்ளாமை இருக்கு."

அதற்குள் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. "கதிர் வர்ற பயிருய்யா!" என்று கத்திக்கொண்டு வண்டிக்கு முன்னால் முதலில் போய் நின்றவர் நாகரத்தினம். கத்தி முடித்த பிறகுதான், தான் எதை மறிக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது.

ரெங்கசாமிக்கு முகம் சரியாகிவிட்டது. "பாத்தீங்களா சார்? ரோடு கேட்டவங்களே ரோட்டை மறிக்கிறாங்க. எழுதிக்குங்க, பொதுமக்கள் ஆட்சேபம். வண்டியை மேலத்தெருவுக்குத் திருப்பச் சொல்லுங்க."

"அறுப்புக்கு அப்புறம் வாங்களேன்" என்றார் ராஜாத்தி. "தை கடைசியில அறுத்துடுவோம்."

"அது முடியாதும்மா" என்றார் சூர்யபிரகாஷ். அவர் கோபக்காரர் இல்லை, வெயிலில் நின்றுகொண்டிருப்பவர். "இந்த வண்டி போனா எப்ப திரும்ப வரும்னு எனக்கே தெரியாது. டிரைவர் டீ குடிச்சிட்டு வரட்டும். அதுக்குள்ள பேசி முடிச்சுக்குங்க."

பேசி முடிக்க ஒன்றுமில்லை. அறுக்கக் கூடாது என்பதில் தெருவில் எல்லோருக்கும் ஒரே கருத்து. நாகரத்தினம் வீட்டுக்குள் போய் மகளுக்கு போன் போட்டார்.

"அம்மா, ரோடு போட்டாச்சா? அத்தை காலையிலேருந்து கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"போட்டுக்கிட்டு இருக்காங்கடி."

"நெசமா? நான் அங்க வந்துடலாம்ல? இங்க மூணு வேளையும் சுரைக்காய்மா. குளிர்ச்சியாம்."

நாகரத்தினம் போனை வைத்தார். கூரையில் செருகியிருந்த கருக்கரிவாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். தெருவின் தலைமாட்டில் குனிந்து முதல் பிடியை அறுத்தார்.

"அக்கா! கதிர்ல பால்கூடப் புடிக்கலக்கா!" ராஜாத்தி அலறினார்.

நாகரத்தினம் நிமிரவில்லை. நட்ட வரிசையிலேயே அறுத்துக்கொண்டு போனார். சில வாசல்களில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. டீ குடித்துவிட்டு வந்த டிரைவர் வண்டியில் ஏறாமல், வேறு பக்கம் பார்த்து நின்றார். கொஞ்ச தூரம் போனதும் நாகரத்தினம் மூச்சு வாங்க நிறுத்தி, முந்தானையால் முகத்தைத் துடைத்தார். வியர்வையைத்தான் துடைத்தார் என்று அய்யாவு பிறகு எல்லோரிடமும் சொன்னார். கேட்காதவர்களிடமும் சொன்னார்.

பின்னால் யாரோ அறுத்துப் போட்ட அரியைச் சேர்த்து வைக்கும் சத்தம் கேட்டது. ராஜாத்தி அரிவாளோடு இறங்கியிருந்தார்.

"உனக்காக இல்ல. அறுத்ததை நீ கண்டபடி போட்டுட்டுப் போற, பாக்கச் சகிக்கல."

"கண்டபடியா? நானா?"

"திரும்பிப் பாரு."

நாகரத்தினம் திரும்பிப் பார்த்தார். அரிகள் கோணல்மாணலாகக் கிடந்தன. அவற்றை நேராக்காமல் மறுபடி குனிந்தார். இருவரும் அறுத்து முடித்தார்கள். அறுத்த பச்சைப் பயிர் அத்தனையும் அய்யாவுவின் மாட்டுக் கொட்டகைக்குப் போனது.

"தெருவுலயே மாடு ஒண்ணுதான் சந்தோஷமா இருக்கு" என்றார் அய்யாவு. தெருக்காரர்கள் நாகரத்தினத்தோடு பேசாமல் இருந்த நாட்களில் அந்த வீட்டில் பேசப்பட்ட ஒரே வாக்கியம் அதுதான்.

இடையில் மழை பிடித்துக்கொண்டது. பொங்கலை ஒட்டித்தான் கான்கிரீட் விழுந்தது. விழுந்த பிறகு தெரு பார்க்க அழகாக இருந்தது. நூல் பிடித்த ஓரம். நாகரத்தினம் ஒரு கண்ணை மூடி அதைப் பலமுறை பார்த்தார். ஓரிடத்தில் மேஸ்திரியைக் கூப்பிட்டு இடித்துச் சரிசெய்யச் சொன்னார். அவர் காதில் விழாதது போலப் போய்விட்டார்.

மன்னார்குடியில் வளைகாப்பு முடிந்தது. இரண்டு கை நிறைய வளையலோடு அபிநயாவைக் காரில் ஏற்றினார்கள். நாகரத்தினம் பக்கத்தில் உட்கார்ந்தார். "ரோட்டை ஒரு கண் பாத்துட்டு இதே வண்டியில திரும்பிடறேன்" என்று அம்சம் முன் சீட்டில் ஏறினார்.

கார் தெருமுனைக்கு வந்து நின்றது. கான்கிரீட் இறுகுவதற்காக அதன் மேல் களிமண்ணால் கட்டம் கட்டமாக வரப்பு கட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீர் நிறுத்தியிருந்தார்கள். தெரு நெடுகத் தண்ணீர் பளபளத்தது.

அம்சம் கண்ணாடியை இறக்கினார். வெகுநேரம் பார்த்தார்.

"என்ன சம்பந்தி? ரோடு போட்டாச்சுன்னீங்க, நாத்தங்கால் தயார் பண்ணி வச்சிருக்கீங்க?"

"சிமெண்டு சம்பந்தி. தண்ணி குடிச்சாத்தான் கெட்டியாகும்."

"எப்ப குடிச்சு முடிக்கும்?"

"மாசிக்குள்ள முடிச்சிடும்."

"வண்டி வாசலுக்கு வரணும்னுதானே பேச்சு?"

"ரோடு வேணும்னு கேட்டீங்க. இருக்கு. கீழ இறங்கி மிதிச்சுப் பாருங்க."

அம்சம் இறங்கினார். வரப்பில் ஒரு காலை ஊன்றி, மற்றக் காலின் கட்டை விரலால் தண்ணீருக்கு அடியில் அழுத்திப் பார்த்தார். கெட்டியாகத்தான் இருந்தது. அதில் அவருக்குச் சற்று ஏமாற்றம் என்று தோன்றியது.

"நான் நடந்து போயிடறேன் அத்தை" என்று அபிநயா அதற்குள் இறங்கி ஓரமாக நடக்க ஆரம்பித்தாள். ஒரு கையை அம்மா பிடித்தார், மறு கையை மாமியார் பிடித்தார். சுவரோரம் ஒருவர்தான் போக முடியும் என்பதால் பெரியவர்கள் இருவரும் மாறி மாறி அவளை நிறுத்தி, யார் பிடிப்பது என்று பேசிக்கொண்டே போனார்கள். ராஜாத்தி தன் வாசலிலிருந்து, "கையை வுடுங்க ரெண்டு பேரும், அவ நல்லா நடக்கறா" என்றார். அறுப்பன்றைக்குப் பிறகு அவர் நாகரத்தினத்தோடு பேசுவது இதுதான் முதல் தடவை.

வாசற்படியில் ஆலம் சுற்றி அபிநயாவை உள்ளே அழைத்தார்கள். அம்சம் படியில் நின்றபடி தெருவைத் திரும்பிப் பார்த்தார்.

"சரி சம்பந்தி. பொண்ணு இங்கயே இருக்கட்டும். நான் வாக்குக் குடுத்தா மாற மாட்டேன்."

நாகரத்தினத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "உள்ள வாங்க சம்பந்தி. சாப்பிட்டுட்டுக் கெளம்பலாம்."

"கெளம்பறதா? ஒரு வண்டி வந்து இந்த வாசல்ல நிக்கறதை என் கண்ணால பாக்கணும். அதுவரைக்கும் நான் எங்கயும் போறதா இல்ல."

அய்யாவு காருக்குப் போய் சம்பந்தியின் பையை எடுத்து வந்தார். ரோட்டை ஒரு கண் பார்த்துவிட்டுப் போக வந்தவரின் பை அது. அதை ஒரு கையால் தூக்க முடியாமல், வரப்பில் தடுமாறி, இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்.