சிவகௌரியின் எழுத்துக் கல்யாணம்

சிவகௌரி தொண்ணூறு வயது மனிதர் ஒருவரின் குதிகாலுக்குக் களிம்பு பூசிக்கொண்டிருந்தாள். படுக்கைப் புண் முதலில் தொடங்கும் இடங்களில் ஒன்று அது. விரலால் அழுத்திச் சிவப்பு மறைகிறதா என்று பார்த்தாள். பிறகு கெண்டைக்காலுக்குக் கீழே தலையணையைச் செருகிக் குதிகாலை உயர்த்தி வைத்தாள். சிட்னியில், செவன் ஹில்ஸில் இருக்கும் இந்த முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை பழக்கியவள் நான்தான். ஓய்வு பெற்ற பிறகும் கிழமையில் இரண்டு நாள் போகிறேன். அவளுடைய வேலையில் பிழை பிடிக்க ஒன்றும் இருக்காது.

அந்த அறையை முடித்துவிட்டு வெளியே வந்ததும் அவளுடைய கைபேசி அடித்தது. தாய் இராஜேஸ்வரி. ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"பின்னேரம் ஆறு மணிக்குச் சச்சிதானந்தன் அங்கிள் கல்யாண ஃபோர்மோட வாறார். முந்திக் கட்டினனீரோ எண்டு கேப்பார். இல்லை எண்டு சொல்லு."

"அம்மா, எழுத்து முடிஞ்சதெல்லே."

"எழுத்து மட்டும்தானே. தாலி ஏறினதே? விசர்க்கதை கதையாமல் நேரத்துக்கு வா."

எங்கள் யாழ்ப்பாணத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எழுத்து என்றால் பதிவாளர் முன் கையெழுத்து வைப்பது. சட்டத்துக்கு அதுதான் கல்யாணம். சனத்துக்கோ தாலி கட்டினால்தான் கல்யாணம். விசா வேண்டுமென்றால் எழுத்தை முதலில் முடித்துவிடுவார்கள். தாலியைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைப்பார்கள்.

சிவகௌரி கொக்குவிலில் பிறந்தவள். இருபத்து நான்கு வயதில் மாணவர் விசாவில் சிட்னிக்கு வருவதற்கு இரண்டு மாதம் முன்பு, அவளுக்கும் சிவபாலன் என்பவனுக்கும் எழுத்து முடிந்தது. அவளைப் பிடித்துக்கொண்டு அவனும் வரலாம் என்பது இரண்டு வீட்டாரின் கணக்கு. அவனுடைய விசா இரண்டு தடவை மறுக்கப்பட்டது. அவள் பகலில் படித்து, இரவில் கிழவர்களைக் கழுவித் துடைத்து, இங்கே நிரந்தரமாகித் தாயையும் கூப்பிட்டுக்கொண்டாள். அவன் வவுனியாவில் வேறொருத்தியோடு குடும்பம் நடத்தி ஒரு பிள்ளைக்குத் தகப்பனும் ஆனான். இருவரும் ஒரே கூரையின் கீழ் ஒரு நாள்கூட இருந்ததில்லை.

பிரிந்துவிடலாமே என்றால், இலங்கைச் சட்டம் அப்படி லேசில் விடாது. ஒத்துப்போகவில்லை என்று இரண்டு பேரும் சேர்ந்து போய்ச் சொன்னாலும் போதாது. ஒருவர் குற்றவாளியாக வேண்டும். கள்ள உறவு வைத்தார், வேண்டுமென்றே கைவிட்டார், ஆண்மை இல்லை, இந்த மூன்றில் ஒன்றை நிரூபிக்க வேண்டும். பிள்ளை பெற்று வைத்திருக்கிறவன் அவன். ஆனால் அவனுடைய தாய் தொலைபேசியில் சொன்னதைக் கேளுங்கள். "உங்கட பெட்டைதான் விட்டிட்டுப் போனது எண்டு எழுதித் தரட்டும். என்ர பிள்ளைக்கு ஒரு பெயர் இருக்கு."

முப்பது வருடம் மற்றவர்களின் மலசலம் எடுத்தவள் நான். அந்தப் பேச்சின் நாற்றம் அதைவிட மோசம்.

சிவகௌரியின் மீதும் எனக்குக் கோபம். அங்கே எழுதியதை அங்கேதான் அழிக்க வேண்டும் என்று நினைத்துப் பத்து வருடம் சும்மா இருந்தாள். எங்களோடு வேலை செய்த பிலிப்பீன்ஸ்காரி மெர்லினுடைய நாட்டில் விவாகரத்து என்ற ஒன்றே கிடையாது. அவள் இங்கே குடியுரிமை எடுத்தாள், இங்கத்தைய நீதிமன்றத்தில் விண்ணப்பித்தாள், மறுமணமும் செய்தாள். சாட்சிக் கையெழுத்து வைத்தது நான். ஊர்ப் பதிவேட்டில் அவள் இன்னும் பழைய புருஷனின் மனைவிதான். அதை மாற்ற அங்கே தனி வழக்குப் போட வேண்டுமாம். அதற்காக அவள் இங்கே பொய் எழுதவில்லை.

அன்று பின்னேரம் டூங்கபியில் அவர்கள் வீட்டுக்கு என்னையும் சிவகௌரி கூட்டிக்கொண்டு போனாள். இப்போது அவளுக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளை சுஜீதன் வந்து கதிரையில் இருந்தான். மின்சார வேலை செய்கிறவன், அமைதியானவன். எழுத்து விஷயம் அவனுக்குத் தெரியாது. சச்சிதானந்தன் கல்யாணம் பதிகிற அனுமதி பெற்றவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிவத்தை விரித்தார். இராஜேஸ்வரி குசினிக்குள்ளிருந்து வடைத் தட்டோடு வந்தாள். என்னைக் கண்டதும் அவளுடைய முகம் மாறியது.

"விமலா அக்கா, நீங்கள் ஏன் மினக்கெட்டனீங்கள்?"

"கூப்பிட்டவள், வந்தனான்."

தட்டை வைக்கும் சாக்கில் என் காதருகே குனிந்தாள். "ஒண்டும் கதைச்சுப்போடாதேங்கோ. நல்ல பெடியன்."

நானும் மெதுவாகவே சொன்னேன். "இராசேஸ், குடிவரவுக்கு மூண்டு தரம் கல்யாணம் முடிஞ்சது எண்டு எழுதிக் குடுத்திருக்கிறியள். இப்ப இல்லையெண்டால் அவங்கள் என்ன, குருடரோ?"

"அது விசாவுக்கு எழுதினது."

விசாவுக்குக் கல்யாணம், மாப்பிள்ளைக்குக் கல்யாணம் இல்லை. அவள் அதைக் கூசாமல் சொன்னாள். வடையைத் தொட எனக்கு மனம் வரவில்லை.

சச்சிதானந்தன் பெயர், பிறந்த இடம் எல்லாம் கேட்டு எழுதினார். "இனி உம்மட நிலைமை. முந்திக் கல்யாணம் முடிச்சனீரோ?"

"இல்லை," என்றாள் இராஜேஸ்வரி.

"பிள்ளையைத்தான் கேட்டனான். பொய் சொன்னால் குற்றம். கல்யாணமும் செல்லாது. இதை நான் எல்லாருக்கும் சொல்லுறது."

அது அவள் சொல்ல வேண்டியது. சிவகௌரி பேனாவை மேசையில் வைத்தாள்.

"ஓம் அங்கிள். ரெண்டாயிரத்துப் பதினாலில எழுத்து முடிஞ்சது. இன்னும் ரத்துச் செய்யேல்லை."

"தாலி கட்டேல்லைத் தம்பி, சத்தியமாக் கட்டேல்லை," என்று இராஜேஸ்வரி சுஜீதனைப் பார்த்துச் சொன்னாள்.

அவன் தாயைத் திரும்பியும் பார்க்காமல் சிவகௌரியைக் கேட்டான். "ஏன் எனக்குச் சொல்லேல்லை நீர்?"

"அம்மா சொல்ல வேண்டாமெண்டவ."

"அம்மாவையே நான் கட்டப்போறன்?"

சச்சிதானந்தன் இருமினார். சிவகௌரியின் காது சிவந்துவிட்டது. "பயத்திலதான் சொல்லேல்லை," என்றாள்.

சுஜீதன் வாகனச் சாவியை எடுத்தான். "யோசிக்க வேணும். போயிட்டு வாறன்." கதவைச் சாத்தாமலே போய்விட்டான். சச்சிதானந்தன் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். விவாகரத்துப் பத்திரம் கையில் வந்த பிறகு கூப்பிடச் சொல்லிவிட்டு அவரும் போனார்.

இராஜேஸ்வரி மகளிடம், "வாழ்க்கையை நாசமாக்கிப்போட்டாய்," என்றாள். அதன் பிறகு அவள் அழுதது மண்டபத்துக்குச் சொல்லியாயிற்று, மேய்ஸ் ஹில் கோயிலில் ஆட்களுக்குச் சொல்லியாயிற்று என்று. மகளைப் பற்றி ஒரு சொல்கூட அந்த அழுகையில் இல்லை. நான் எழுந்தேன். வாசலில் சிவகௌரியிடம், "காலமை எழுத்துப் பத்திரத்தையும் மொழிபெயர்ப்பையும் கொண்டு வா," என்றேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே வந்துவிட்டாள். கண் வீங்கியிருந்தது. எனது கணினியில் நீதிமன்றத்துப் பக்கத்தைத் திறந்தோம். இங்கே யாரும் குற்றவாளி ஆக வேண்டியதில்லை. பன்னிரண்டு மாதம் பிரிந்திருந்தால் போதும். பத்திரங்கள் சிவபாலனுடைய கைக்குப் போய்ச் சேர வேண்டும். அவன் சம்மதிக்க வேண்டும் என்று இல்லை.

பிரிந்த தேதி என்ன என்று ஒரு கேள்வி வந்தது. சேர்ந்தே இருக்காதவள் என்ன எழுதுவாள்? வேலையிடத்தில், அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதும் படிவத்தில் சிவபாலனுடைய பெயரை வெட்டிய நாளை, பழைய மின்னஞ்சலில் தேடி எடுத்து எழுதினாள்.

இடையில் கைபேசியில் ஒரு செய்தி வந்தது. சுஜீதன். எத்தனை மாதம் எடுக்கும் என்று மட்டும் கேட்டிருந்தான்.

"என்ன எழுத அன்ரி?"

"தெரிஞ்சதை எழுது. நாலஞ்சு மாசம்."

அனுப்பினாள். பதில் வரவில்லை. அவள் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. பத்து மணிக்கு நூலகத்தில் கையெழுத்தை உறுதிப்படுத்துகிற ஜே.பி. ஒருவர் இருப்பார் என்று நடந்து போனோம். அவர் சத்தியக் கடதாசியை வாசித்துப் பார்த்து, இதில் எழுதியதெல்லாம் உண்மையா என்று கேட்டார். அவள் ஓம் என்று சொல்லி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வைத்தாள்.