அம்மா எரித்த சட்டை

போலீஸ் செய்யும் தப்பைக் கேட்பதற்கென்றே நம் நாட்டில் ஓர் ஆணையம் இருக்கிறது. போலீஸ்காரர் அல்லாதவர்கள் உட்கார்ந்து விசாரிப்பார்களாம். இதைச் செய்தியில் கேட்டுவிட்டு, வரமாட்டேன் என்ற தம்பியை இழுத்துக்கொண்டு போனவள் நான்தான். போய் வந்ததில் எனக்கு மிச்சம் வயிற்றெரிச்சல்.

தம்பி லூனாஸில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறான். அன்றைக்கு புக்கிட் செலம்பாவில் கூட்டாளி வீட்டுக் கல்யாணத்துக்கு மோட்டாரில் போனவனைச் சாலைத் தடுப்பில் நிறுத்திவிட்டார்கள். எங்கோ சங்கிலி அறுத்தவனும் சிவப்பு ஹெல்மெட்தான் போட்டிருந்தானாம். கெடா மாநிலம் முழுக்கச் சிவப்பு ஹெல்மெட் போட்ட தமிழன் இவன் ஒருத்தன்தான் போல! லாக்கப்பில் வைத்து, ஒத்துக்கொள் ஒத்துக்கொள் என்று இடது காதோடு சேர்த்து அறைந்திருக்கிறார்கள். பிறகு உண்மையான திருடன் அகப்பட்டதும் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். மன்னிப்பா? அதெல்லாம் கேட்கக் கூடாது.

நான்தான் போய்க் காரில் கூட்டி வந்தேன். காதிலிருந்து வடிந்த ரத்தம் சட்டைக் காலரில் காய்ந்து கறுத்திருந்தது. அம்மா அவனை வாசற்படி ஏற விடவில்லை. லாக்கப் போய் வந்தவன் அந்தத் துணியோடு வீட்டுக்குள் நுழைந்தால் பீடையும் கூடவே நுழையும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வெளிக் குழாயடியில் நிற்க வைத்துத் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். எலுமிச்சம்பழமும் காய்ந்த மிளகாயும் சுற்றிப் போட்டார். கழற்றிய துணியைக் குப்பை எரிக்கும் டிரம்மில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்.

"இத்தோட ஒழியட்டும் சனியன்" என்று நெருப்பைப் பார்த்துத் துப்பினார்.

காதுக்குப் பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய். ஆஸ்பத்திரி என்று யாரும் வாய் திறக்கவில்லை. பிள்ளை உயிரோடு வந்துவிட்டானே, அதுவே பெரிசு என்றிருந்தது எல்லாருக்கும். லாக்கப்பிலிருந்து பெட்டியில் வந்தவர்களின் கதையை நாங்களும் கேட்டிருக்கிறோம் அல்லவா.

காதில் இரைச்சல் நிற்காமல், சீழ் வைத்தபிறகுதான் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். செவிப்பறை கிழிந்து உள்ளே கெட்டுப்போய்விட்டது, இனி அந்தக் காது கேட்காது என்றார் டாக்டர். அறைந்ததால் வந்ததா, சீழால் வந்ததா என்று இப்போது எழுதித் தர முடியாது என்றும் சொன்னார்.

தம்பி அதிகம் பேசமாட்டான். புகார் கொடுக்கப் போகும் வழியில் மட்டும் சொன்னான்: "நஷ்ட ஈடெல்லாம் வேணாங்கா. ஆமா, அடிச்சேன்னு ஒருத்தன் சொல்லட்டும். அது போதும்."

சுங்கைப்பட்டாணியில் ஒரு மண்டபத்தில் ஆணையத்தார் மேசை போட்டிருந்தார்கள். எங்களை விசாரித்தவர் ஒரு மலாய்ப் பெண். பொல்லாதவர் என்று சொல்ல மாட்டேன். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார், தம்பியின் வலது பக்கம் நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்கார்ந்து கேட்டார். முழுக்கக் கேட்டுவிட்டு, "பாஜு மானா, காக்?" என்றார். ரத்தம் பட்ட சட்டை எங்கே என்கிறார்.

எரித்துவிட்டோம் என்றேன். எனக்குத் தெரிந்த மலாயில் மஞ்சள் தண்ணீரையும் எலுமிச்சம்பழத்தையும் விளக்கினேன். அவருக்கு நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. அவர்களுக்குள்ளும் பீடை கழிய எலுமிச்சை போட்டுக் குளிக்கும் வழக்கம் இருக்கிறது. "புரியுது அக்கா. ஆனால் ஆதாரம்?" என்றார் மலாயில்.

அதோடு முடிந்ததா? ஆணையம் யாரையும் தண்டிக்க முடியாதாம், பரிந்துரைதான் செய்யுமாம். விசாரித்து அறிக்கை தரச் சொல்லிப் புகாரைப் போலீசுக்கே அனுப்புவார்களாம். "யார் மேல புகாரோ அவங்ககிட்டேயா?" என்று கேட்டேன். அந்தப் பெண் புகார்த் தாளில் முத்திரை குத்தினார். அடப் பாவிகளா, இதற்கா ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தேன் என்று அங்கேயே கத்தியிருப்பேன். தம்பி முகத்தைப் பார்த்து அடங்கினேன்.

கொஞ்ச நாளில், தம்பியை அடைத்து வைத்த அதே போலீஸ் பாலாயிலிருந்து ஒரு சார்ஜன் வீட்டுக்கு வந்தார். தமிழர். வாக்குமூலம் வாங்க வந்தாராம். அம்மா பயத்தில் அவருக்கு மைலோ கலக்கிக் கொடுத்தார். அதையும் குடித்தார் மனிதர்.

"தம்பி, டெய்லி எங்க பாலாய் வழியாத்தானே லாரி ஓட்டுற?" என்றார் சிரித்துக்கொண்டே. "சட்டையும் இல்ல, டாக்டரும் எழுதித் தரல. நாளைக்குப் பொய்ப் புகார்னு உன் மேலேயே திரும்புனா என்னா செய்வ? எதுக்குலா வீண் வம்பு?"

தம்பி வலது காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு, "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்னு எழுதிக்குங்க சார்" என்றான்.

"டேய்!" என்று கத்திவிட்டேன். "விடுக்கா" என்றான். நான் அத்தனை கத்தியும் சார்ஜன் நிதானமாக எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். வாசலில் அம்மாவிடம் "வரேம்மா" என்று வேறு சொன்னார்.

அவர் போனதும் அம்மா டிரம் பக்கம் போய் நின்றுகொண்டு, "நான்தான் கெடுத்துட்டேனா?" என்று கேட்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. அறைந்தவன் எங்கேயோ சம்பளம் வாங்கிக்கொண்டு நன்றாக இருக்கிறான். பிள்ளைக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றியவர் குற்றவாளி மாதிரி நின்று அழுகிறார். இல்லம்மா, இல்லம்மா என்று சொல்லிப் பார்த்தேன். அவர் நம்பவில்லை.

ஆணையத்திலிருந்து எனக்குப் போன் வந்தது. புகார்தாரரே விழுந்ததாகச் சொல்லிவிட்டதால் மூடிவிட்டார்களாம்.

இப்போது தம்பி மோட்டாரில் எங்கே கிளம்பினாலும், முட்டை வாங்கப் போனாலும்கூட, அவன் மனைவி பின்னால் ஏறிக்கொள்கிறாள். எப்போது பார்த்தாலும் என்ன ஜோடிப் பயணம் என்று ஒருநாள் கிண்டலாகக் கேட்டேன்.

"போலீஸ் இடது பக்கம் இருந்து நிக்கச் சொன்னா அவருக்குக் கேக்காது அண்ணி" என்றாள். "நிக்காமப் போனா, மறுபடி அடிப்பாங்கல்ல?"